லயத்து அறையும் அதன் அலங்காரமும்

வீட்டை அலங்கரித்தல் என்பது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்று நம்மவரிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஏழைகளின் வீட்டைப் பற்றிப் பேச நேர்ந்தால், "அவர்களுக்குத் துப்புரவும் தெரியாது, இரசனையும் கிடையாது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறி முடித்துவிடுவர். இத்தீர்ப்பு நியாயமானதுதானா? அறையை அழகுபடுத்தும் ஆற்றல் பணத்தோடு கூடப் பிறக்கின்றதா? அன்றி, மக்கள் யாவரிடத்தும் இயல்பாகவே அமைந்திருக்கின்றதா? இக்கேள்விக்கு விடை காணச் சாத்திரங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஒரு சிற்றூரின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். அவ்வூர் சுங்கை பாக்காப்.

கரும்பு கட்டிய ஊர்

பினாங்குத் தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில் உள்ளது சுங்கை பாக்காப். இந்நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து பெற்று, அந்நாளைய கவர்னர் ஜெனரலின் பெயரால் வெல்லெஸ்லி மாகாணம் என வழங்கினர். இங்கே முதன்முதல் கரும்பு நட்டவர் தியோச்சூ வகுப்பைச் சேர்ந்த சீனர். 1840களில் ஐரோப்பியத் தோட்டக்காரரும் வந்து சேர்ந்தனர். ஆங்கிலேயரின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை 1834இல் ஒழிக்கப்பட்டது; அங்கே சர்க்கரைத் தொழில் தளர்ந்தது; கீழ்த்திசையிலே புதிய கரும்புத் தோட்டங்கள் முளைத்தன. ஜமெய்க்காவில் இத்தொழில் பழகிய லியோனார்டு ரே என்பார் வெல்லெஸ்லி மாகாணத்தில் கரும்பு பயிரிட்டு, 1848இல் அத்தொழிலைப் பற்றி ஒரு பெருநூலும் வெளியிட்டார். அடிமைமுறை ஒழிந்ததாயினும், அம்முறையிற் பழகிய கண்ணும் கையும் ஒழியவில்லை. மேட்டிலே துரையின் பங்களா, பள்ளத்திலே உழைப்பாளரின் வரிசைக் குடில் என்னும் தோட்ட அமைப்பு இந்தக் கரைக்கும் கப்பலேறி வந்தது.

சுங்கை பாக்காப் ஓர் ஊராக உருப்பெற்றது கீ லாய் ஹுவாட் என்னும் தியோச்சூச் சீனரால் ஆகும். சீனத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, கரும்பினாற் பெருஞ்செல்வர் ஆனவர் அவர். கடைத்தெருவை அமைத்து ஊரை வளர்த்த அவருடைய குடும்பத்தின் மூதாதையர் இல்லம் இன்றும் அவ்வூரின் அடையாளமாக நிற்கிறது. இத்தகைய சீன இல்லங்களில் அலங்காரம் மனம்போனபடி செய்யப்படுவதன்று. நடுவிலே வான் நோக்கிய முற்றம். அதைச் சுற்றிக் கூடங்கள். முதன்மையான கூடத்திலே முன்னோரின் பெயர் பொறித்த பலகைகள். மூத்தோருக்கு ஓரிடம், இளையோருக்கு ஓரிடம். ஒரு குலத்தின் வரலாறே அங்கு அறைகளாக வகுக்கப்பட்டிருக்கிறது.

சில கல் தொலைவிலே, நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியாத் தோட்டத்தில், ராம்ஸ்டன் என்னும் ஆங்கிலத் தோட்டக்காரக் குடும்பத்தாரின் மாளிகை நிற்கிறது. அதனை மக்கள் "தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை" என்றே அழைக்கின்றனர். காற்றும் வெளிச்சமும் வீட்டாரின் விருப்பம்போல் உலாவ வேண்டுமென்று கட்டிய வீடு அது. இன்று அது பாழடைந்து கிடக்கின்றது. எனினும், அதன் பெயர் ஓர் உண்மையை ஓயாமல் உரைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு குடும்பத்திற்குத் தொண்ணூற்றொன்பது கதவுகள்! அக்குடும்பத்திற்காகக் கரும்பு வெட்டிய தமிழனுக்கு எத்தனை கதவுகள்?

அளந்து கொடுத்த அறை

தமிழர் இம்மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு 1830களிலிருந்தே வரத் தொடங்கினர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து தோட்டம் போய்ச் சேர்வது வழக்கம். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். குறித்த ஆண்டுகள் முடியுமுன் தோட்டத்தை விட்டு வெளியேறினால் குற்றம், குற்றத்திற்குச் சிறை. 1873ஆம் ஆண்டில் இம்மாகாணத்து மலாக்காஃப் தோட்டத்தில் கூலிகள் கொடுமைப்படுத்தப்பட்ட செய்தி வெளிவந்து, அரசாங்கத்தாரின் காதுக்கும் எட்டியது. 1890இல் தொழிலாளர் நிலையை ஆராய ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறையே நிறுத்தப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் கரும்பும் மறைந்து, பால்மரம் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது.

பயிர் மாறிற்று; முதலாளி மாறினான்; கூலிமுறையும் மாறிற்று. நெடுங்காலம் மாறாதிருந்தது ஒன்றுதான். அது லயத்து அறை.

லயம் என்பது யாது? ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, வரிசையாகத் தடுத்த அறைகளின் நீண்ட கட்டடம். சிலவற்றில் முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு வரிசைகள். அறை ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு குறுகிய தாழ்வாரம். முதலில் நிப்பா ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை, பின்னர்த் தகரம். இவ்வறைக்குள் ஒரு குடும்பம் மட்டும் இருந்தால் அது பாக்கியம். இரண்டு குடும்பங்களோ, ஒரு குடும்பத்தோடு தனியாட்களோ ஒன்றாக அடைக்கப்பட்ட காலமும் உண்டு.

பிற்காலத்தில் சர்க்கார் வீட்டு வசதியைப் பற்றிச் சட்டம் செய்யவே இல்லை என்று கூறுவதற்கில்லை. அறைக்கு எத்தனை பேர், காற்றுக்கு எவ்வளவு இடம், சாக்கடை எங்கே, தண்ணீர் எங்கே என்றெல்லாம் விதிகள் ஏற்பட்டன. சுவருக்கு அவ்வப்போது வெள்ளையடிக்க வேண்டுமென்றும் பரிசோதகர் கட்டளையிட்டனர். காய்ச்சலிலும் பேதியிலும் மக்கள் செத்து மடிந்த நாளில் இவ்விதிகள் உயிர் காத்தன. அதை மறுப்பது நன்றியன்று. ஆயினும், அவ்விதிகளைக் கூர்ந்து நோக்குங்கள். அவை மனிதனை மூச்சுவிடும் ஓர் உடலாக எண்ணி அளந்தன. வாழும் ஒரு குடும்பமாக எண்ணி அளக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்கும் காற்றளவு உண்டு. மனிதனின் வீட்டிற்கு அது மட்டும் போதுமா?

அலங்காரத்திற்கு மூன்று வேண்டும்

ஓர் அறை அழகு பெறுவதற்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதன. முதலாவது இடம். இரண்டாவது மறைவு, அதாவது, பிறர் கண்ணிலிருந்து ஒதுங்கியிருக்கும் வசதி. மூன்றாவது நிலைபேறு, அதாவது, "நாளையும் இந்தச் சுவர் நம்முடையதே" என்னும் உறுதி. பட்டும் பளிங்கும் இவற்றின் பின்னரே வரும்.

இவற்றுள் மூன்றாவதே தலையாயது என்பதைப் பினாங்கு நகரமே நமக்குக் காட்டுகிறது. ஜார்ஜ் டவுனில் பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் அவர்கள். அவர்களுடைய கிட்டங்கி எப்படி இருந்தது? ஒரு நீண்ட கூடம். அதில் ஆளுக்கு ஒரு சிறு கணக்குப் பெட்டி, ஓர் அலமாரி, ஒரு பாய். பகலில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை. தனியறையில்லை, திரைச்சீலையில்லை, ஆடம்பரம் ஒன்றுமில்லை. இதைக் கண்டு செட்டியாருக்கு இரசனையில்லை என்று கூறுவார் உண்டா?

ஒருவரும் கூறார். ஏனெனில், அவருடைய வீடு காரைக்குடிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பர்மாத் தேக்கில் தூண்கள், இத்தாலியப் பளிங்கில் தளம், பெல்ஜியக் கண்ணாடிகள், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி மெருகிட்ட சுவர்கள், ஆத்தங்குடியிலே கையால் வார்த்த வண்ண ஓடுகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. கிட்டங்கியின் வெறுமை வறுமையால் வந்ததன்று. "இது தங்குமிடம், அது வீடு" என்னும் தெளிவால் வந்தது. மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் ஏஜெண்டுக்கு ஒரு கணக்குப் பெட்டியும் பாயும் போதும்.

இனி, அதே ஜார்ஜ் டவுனில் லீத் வீதியிலுள்ள சியோங் ஃபாட் ஸீயின் நீல மாளிகையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் கட்டி முடித்த அம்மாளிகையில் 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 சன்னல்கள். ஸ்காட்லாந்தின் இரும்பு வேலைப்பாடும், இங்கிலாந்தின் தரை ஓடுகளும், உடைத்த பீங்கானைப் பொருத்திச் சீனத் தொழிலாளர் செய்த சிற்பங்களும் அங்கே ஒன்றாய்க் கூடியுள்ளன. அதன் சுவருக்கு நிறம் கொடுத்தது சுண்ணாம்பில் கலந்த அவுரி நீலம். அவுரி தென்னாற்காட்டு உழவனும் பயிரிட்ட செடியே. தம் மக்களுள் கடைசி ஆண்மகன் மறையும்வரை வீட்டை விற்கலாகாதென்று உரிமையாளர் உயில் எழுதிவைத்தார்; 1916இல் அவர் காலமானார்; 1989வரை அந்த வீடு குடும்பத்தாரிடமே இருந்தது. பின்னர்ப் புதுக்கிக் காக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விருதும் பெற்றது.

நீல மாளிகையின் சுவரிற் பூசியதும் சுண்ணாம்பு; லயத்துச் சுவரிற் பூசியதும் சுண்ணாம்பு. ஒன்றிலே நீலம் கலக்கலாமா வேண்டாமா என்று வீட்டுக்காரன் முடிவுசெய்தான். மற்றொன்றிலே, எப்பொழுது வெள்ளையடிப்பது என்பதையும் பரிசோதகரே முடிவுசெய்தார். வேறுபாடு சுண்ணாம்பில் இல்லை, உரிமையில் இருக்கிறது.

இதே காலத்தில், சர்க்கரையைத் தேநீரிற் கலந்து பருகிய இங்கிலாந்திலும் இக்கேள்வி எழுந்தது. வில்லியம் மாரிஸ் என்னும் கலைஞர் 1861இல் தோழர்களுடன் சேர்ந்து வீட்டு அலங்காரக் கம்பெனி ஒன்றை நிறுவினார். சுவர்க்காகிதம், திரைச்சீலை, நாற்காலி முதலியவற்றை அழகுற ஆக்கித் தந்தார். ஆனால், அவற்றை வாங்கியவரோ செல்வர் மட்டுமே. தொழிலாளியின் வாழ்வு மாறாமல் தொழிலாளியின் வீடு அழகு பெறாது என்று கண்ட அவர், 1880களில் சமதர்ம இயக்கத்தில் இறங்கினார். அலங்காரத்தை ஆழ்ந்து நினைத்தவர் பொருளாதார நீதியில் வந்து நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

ஒரு சேலையின் சுவர்

இடமும் மறைவும் நிலைபேறும் இல்லாத லயத்து அறையில் நம் பெண்கள் என்ன செய்தனர்? இங்கேதான் நம் வரலாற்றின் பெருமை இருக்கிறது.

மறைவு இல்லையா? பழஞ்சேலை ஒன்று கயிற்றில் ஏறிற்று. இல்லையேல் சாக்குத்துணி ஏறிற்று. ஒரே அறை இரண்டாயிற்று. கட்டடக் கலைஞன் வகுக்காத அறையை ஒரு தாய் வகுத்தாள். அந்தச் சேலைக்கு அப்பால் அவள் உடைமாற்றினாள், பிள்ளை பெற்றாள், அழ வேண்டியபோது அழுதாள். பகல் முழுதும் கங்காணியின் கண்ணுக்கும் கிராணியின் கண்ணுக்கும் கீழே வேலைசெய்த பெண்ணுக்கு, ஒருவர் கண்ணும் படாத நான்கு முழ இடத்தை அச்சேலை தந்தது. அலங்காரத் திரை என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

இடம் இல்லையா? விட்டத்தில் உறி தொங்கிற்று, தூளி தொங்கிற்று. சுவரோரம் பலகை ஏறிப் பரண் ஆயிற்று. மண்ணெண்ணெய்த் தகரம் அரிசிப் பானையாயிற்று. ஊரிலிருந்து வந்த தகரப்பெட்டி பகலில் இருக்கை, இரவில் அலமாரி. பலகைச் சுவரின் இடுக்கில் காற்றும் கண்ணும் புகாதபடி பழைய பத்திரிகைத் தாள்கள் ஒட்டப்பட்டன. எழுத்தறியாதார் வீட்டிலும் எழுத்து இவ்வாறு சுவரேறிற்று.

நிலைபேறு இல்லையா? ஆயினும் வாசலிற் கோலம் விழுந்தது. காலை மணியடிக்குமுன், பெரட்டுக்குப் போகுமுன், இருட்டில் எழுந்து இட்ட கோலம் அது. மாலைக்குள் அழிந்துபோகும் என்று தெரிந்தே இட்டது. தாழ்வாரத்தை அடுத்த ஒரு முழ மண்ணில் முருங்கையும் கறிவேப்பிலையும் துளசியும் செவ்வந்தியும் நின்றன. மண் தோட்டத்துக்குச் சொந்தம். நிழல் நமக்குச் சொந்தம்.

சுவரில் தொங்கிய படங்களை வைத்தே ஒரு நூற்றாண்டின் வரலாற்றை எழுதிவிடலாம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவிய பின்னர், வண்ணப்படங்கள் ஏழை வீட்டுச் சுவருக்கும் எட்டின. பின்னர்ச் சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள் வந்தன. கோயிலுக்குள் நுழைய விடப்படாதவன் தன் சுவரிலேயே கோயிலை மாட்டிக்கொண்டான். பிறகு காந்தியார் படம் வந்தது. 1943க்குப் பின் சுபாஷ் சந்திர போஸின் படம் வந்தது. சீர்திருத்தத் தலைவர்களின் படங்களும், பின்னாளில் சினிமா நடிகர்களின் படங்களும் வந்தன. ஜப்பானியர் ஆட்சியில், தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது, பல லயங்களில் படம் மட்டும் சுவரில் நின்றது. அதை மாட்டியவன் திரும்பவில்லை.

பித்தளைச் செம்பு

லயத்து அறையின் பரணில் வரிசையாக அடுக்கிய பித்தளைப் பாத்திரங்கள் ஓர் இன்றியமையாத அலங்காரம். புளியிட்டுத் தேய்த்து, விளக்கொளியில் மின்னும்படி அடுக்குவார்கள். இதனை வெறும் பகட்டு என்று சிலர் நகைப்பர். நகைப்பவர் கீழ்க்காணும் செய்தியை அறிதல் வேண்டும்.

1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க வகுப்பார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகை அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தலாகாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மலர் சூடலாகாது என்றவற்றோடு மற்றொன்றும் இருந்தது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு பாத்திரம் வைத்திருத்தல் ஆகாது! மீறியவர்களின் குடிசைகள் தாக்கப்பட்டன. இச்செய்தி அரசாங்க அதிகாரியாயிருந்த ஹட்டன் எழுதிய சாதி பற்றிய நூலிலே பதிவாகியுள்ளது. சாதிக் கட்டளை தெருவோடு நிற்கவில்லை. கதவைத் தாண்டிச் சமையற்கட்டுக்குள் புகுந்து, அங்கே மண் இருக்கலாமா, உலோகம் இருக்கலாமா என்று தீர்மானித்தது. 1930இலேயே இந்நிலையென்றால், அதற்கு முன்னைய தலைமுறைகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவருள் கணிசமானோர் இவ்வாறு ஒடுக்கப்பட்ட மக்கள். இராமநாதபுரம், தஞ்சை, திருச்சி, ஆற்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பரணில் மின்னிய பித்தளைச் செம்பு என்ன பேசிற்று? "என் வீட்டில் எது இருக்க வேண்டும் என்பதை இனி நான் முடிவுசெய்வேன்" என்று பேசிற்று. பத்தடி அறைக்குள் அடைத்த தோட்டம் அவனை ஒருபுறம் ஒடுக்கிற்று. மறுபுறம், பிறந்த ஊர் மறுத்த ஒரு செம்பை வைத்துக்கொள்ள இடமும் தந்தது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே உண்மை வரலாறு. சாதி முற்றும் ஒழிந்துவிட்டதென்று கொள்ள வேண்டாம். லயங்களையே சாதி பார்த்துப் பிரித்த தோட்டங்களும் இருந்தன. ஆயினும், செம்பு செம்புதான். அது பளபளத்தது.

கதவின் சாவி யாரிடம்?

மலாயா விடுதலை பெற்றபின், 1966இல் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்ச அளவுகளை விதித்து ஒரு சட்டம் பிறந்தது. 1990இல் அதனினும் விரிந்த சட்டம் அதன் இடத்திற்கு வந்தது. வீடுகள் பெரியனவாயின, மின்விளக்கும் குழாய்நீரும் வந்தன. எனினும், அடிப்படைக் குறையொன்று நீங்கவில்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போம். தோட்டம் விற்கப்பட்டால் ஊரே போம். மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம், ஒரு நோட்டீசைக் கையில் வாங்கிக்கொண்டு, சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு நடந்த காட்சி நாடெங்கும் நிகழ்ந்தது. முருங்கை மரத்தைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா?

இன்று தோட்ட மக்களின் பிள்ளைகளிற் பலர் வீடமைப்புப் பகுதிகளில் சொந்த வீடு பெற்று வாழ்கின்றனர். சுவருக்கு விரும்பிய நிறம் பூசுகின்றனர். விரும்பிய இடத்தில் ஆணியடிக்கின்றனர். இதனைச் சிறு காரியமென்று எண்ணற்க. ஆணியடிக்கும் உரிமைக்கு அவர்களுடைய முன்னோர் நூறாண்டுக்குமேல் காத்திருந்தனர்.

இவ்வரலாறு நமக்கு இரண்டு கடமைகளை உணர்த்துகிறது. முதலாவது, ஏழையின் வீட்டைக் கண்டு இரசனையில்லை என்று பேசும் வாயை நாம் அடக்கிக்கொள்ள வேண்டும். இன்று பினாங்கின் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர், கூட்டமாகத் தங்கும் விடுதிகளிலே கட்டிலைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வாழ்வதை நாம் காண்கிறோம். அத்துணி எது? நம் பாட்டியின் சேலையே அது. லயத்தில் வாழ்ந்தவரின் பேரப்பிள்ளைகள் அதைக் கண்டு முகஞ்சுளித்தல் தகுமோ?

இரண்டாவது, வரலாற்றைக் காப்பதில் நேர்மை வேண்டும். ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. மாளிகைகள் புதுக்கப்படுகின்றன, அவற்றின் ஓடுகளும் கண்ணாடிகளும் எண்ணிக் காக்கப்படுகின்றன, நன்று. அம்மாளிகைகளின் செல்வத்திற்கு வியர்வை தந்தவரின் அறையும் காக்கப்பட வேண்டாவா? சுங்கை பாக்காப் வட்டாரத்தில் ஒரு லயத்து அறையையேனும், அதன் உறியோடும் தூளியோடும் தகரப்பெட்டியோடும் பித்தளைச் செம்போடும், வருங்காலத்தார் கண்டறியும்படி வைத்தல் வேண்டும். வீட்டிலே பாட்டியர் உயிரோடிருப்போர் இன்றே அவர்களை உட்காரவைத்து, எந்த மூலையில் எது இருந்தது, எந்தச் சுவரில் யார் படம் தொங்கியது, திரை எங்கே கட்டப்பட்டது என்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவ்வறைகளின் வரைபடம் அவர்களுடைய நினைவில்தான் இருக்கிறது.

தொண்ணூற்றொன்பது கதவுகளைக் கட்டியவன் பெயரை வரலாறு மறக்கவில்லை. கதவில்லாத இடத்தில் ஒரு சேலையைக் கட்டிக் கதவாக்கியவளின் பெயரை எழுதிவைப்பது நம் பொறுப்பு.